விண்டோவே இல்லை, ஆனா வேலை நடக்குது... கம்ப்யூட்டரில் மறைந்து ஓடும் டைமர் புரோகிராம்கள்: நின்றுபோனால் எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரில் திறந்து வைத்த எல்லாவற்றையும் மூடியாச்சு. திரையில் வால்பேப்பர் மட்டும்தான் இருக்கு. ஆனாலும் ஃபேன் சத்தம் போடுது, நெட் டேட்டா கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுது. 'எதையுமே ஓட விடலையே' என்று தோன்றும்.

உண்மையில் அந்த நேரத்தில் பின்னணியில் பல புரோகிராம்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். குரோம் பிரவுசரின் அப்டேட்டர், புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். பேக்கப் சாஃப்ட்வேர் ஃபைல்களை நகல் எடுக்கும். எதற்கும் திரையில் விண்டோ கிடையாது. குறித்த நேரத்தில் எழுந்து, வேலையை முடித்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும் ரகம் இவை.

இவற்றில் பெரும்பாலானவை நல்லதுதான் செய்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் தெரியாமல் ஓடும் வேலை, நின்றுபோனாலும் திரையில் தெரியாது. கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் ராத்திரி 11 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப், மூன்று மாதமாக ஓடவே இல்லை என்ற விஷயம், ஹார்டு டிஸ்க் படுத்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

கிட்லேப் வாங்கிய அடி

சின்னக் கடையில் நடக்கும், பெரிய டெக் நிறுவனத்தில் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று, டேட்டாபேஸ் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர் ஒருவர், அழிக்கும் கட்டளையைத் தவறான சர்வரில் கொடுத்துவிட்டார். உடனே சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

சரி, பேக்கப் இருக்குமே? 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே பேக்கப் எடுத்து, அமேசானின் ஸ்டோரேஜில் போட்டு வைக்க ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷனில் இருக்க, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 வெர்ஷனில் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்துக்கு எழுந்து, எரர் கொடுத்துவிட்டு, படுத்துக்கொண்டிருக்கிறது.

எரர் வந்தால் இமெயில் அனுப்பவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த மெயில்களில் தேவையான சரிபார்ப்புக் கையொப்பம் இல்லாததால், அவை நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஆக, வேலையும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று சொன்ன செய்தியும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல். அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்த டேட்டா போனது போனதுதான். சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே தனது அறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னது.

மூடினா மூடினதாகுமா?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விண்டோ வேறு, புரோகிராம் வேறு. விண்டோ என்பது புரோகிராம் நம்மிடம் பேசுவதற்காகத் திரையில் வரையும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாலும் புரோகிராம் மெமரியில் உட்கார்ந்திருக்க முடியும்.

அதனால்தான் சாட், மீட்டிங் ஆப்களில் பலவற்றை மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், அவை போய்விடுவதில்லை. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் குட்டி ஐகானாக ஒதுங்கிக்கொள்கின்றன. மேக் கம்ப்யூட்டரில் சிவப்பு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் விண்டோதான் மூடும், ஆப் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ஐகானுக்கு அடியில் ஒரு புள்ளி தெரிந்தால், ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம்.

இதற்கு அடுத்த ரகம், குட்டி ஐகான்கூட இல்லாதவை. விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராம் ஃபைலின் தலைப்பகுதியிலும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: இது எழுத்துக்கள் ஓடும் கறுப்புத் திரை வேண்டும் புரோகிராமா, வேண்டாத புரோகிராமா என்று. 'வேண்டாம்' என்று குறித்திருந்து, தானாக எந்த விண்டோவையும் வரையாமல் இருந்தால், அந்த புரோகிராம் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. பைதான் மொழியை விண்டோஸில் நிறுவினால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபைல்கள் வரும். ஒன்றின் பெயரில் கடைசியாக டபிள்யூ என்ற எழுத்து கூடுதலாக இருக்கும். ஜாவாவிலும் இதே கதைதான். கறுப்புத் திரை வராமல் ஓட்டுவதற்கான ஜோடி அது.

மூன்றாவது ரகம், சர்வீஸ். கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே, யாரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருவதற்கு முன்பே இவை ஓட ஆரம்பித்துவிடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இவற்றுக்கென்று தனியாக ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு 'செஷன் 0' என்று பெயர். நாம் பார்க்கும் திரைக்கும் அந்த அறைக்கும் நடுவே சுவர். வைரஸ்கள் சர்வீஸ்களின் விண்டோ வழியாக அதிகாரத்தைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. அந்த அறைக்குள் ஓடும் புரோகிராம், 'ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதலாமா?' என்று ஒரு பெட்டியைப் போட்டு, ஓகே பட்டனை யாராவது அழுத்துவார்கள் என்று காத்திருக்கும். அழுத்த ஆள் இல்லை. அந்தப் பெட்டியைப் பார்க்கவே ஆள் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே காட்டும். எக்ஸெலை இப்படி ஆள் இல்லாமல் ஓட்டி ரிப்போர்ட் எடுப்பவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். வேர்டு, எக்ஸெல் போன்றவை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவை, அவற்றை ஆளில்லாமல் ஓட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

நேரத்துக்கு எழுப்புவது யார்?

இதற்கு இரண்டு வழி. புரோகிராமே உள்ளே அலாரம் வைத்துக்கொள்வது ஒன்று. 'நேரம் வந்தா எழுப்பி விடு' என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிட்டு முழுசா வெளியேறிவிடுவது மற்றொன்று.

முதல் வழியில் நுணுக்கங்கள் அதிகம். சாதாரண விண்டோஸ் புரோகிராம் ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மவுஸ் நகர்ந்தது, கீ அழுத்தப்பட்டது, டைமர் அடித்தது என ஒவ்வொரு தகவலும் அந்த வரிசைக்கு வரும். டைமர் அடிக்க விண்டோ அவசியம் இல்லை. ஆனால் வரிசையை எடுத்துப் பார்க்கும் வேலை நிற்கக் கூடாது. புதிதாக எழுதுபவர்கள் விண்டோவை எடுக்கும்போது இந்த வேலையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் 'டைமர் வச்சேன், அடிக்கவே இல்ல' என்று புலம்பல்.

வரிசையிலும் டைமருக்குக் கடைசி இடம்தான். வேறு தகவல் எதுவும் இல்லாதபோதுதான் அதன் முறை வரும். போதாக்குறைக்கு, விண்டோஸின் சாதாரண கடிகாரத் துடிப்பு விநாடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை. '1 மில்லி விநாடியில் எழுப்பு' என்று கேட்டாலும் உடனே நடக்காது.

சி ஷார்ப் மொழியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. டைமரை உருவாக்கிவிட்டு, அதை எங்கேயும் பிடித்து வைக்காமல் விட்டால், மெமரியைச் சுத்தம் செய்யும் வேலை வரும்போது 'இது யாருக்கும் வேண்டாம் போல' என்று டைமரையும் சேர்த்து அள்ளிவிடும். சோதித்துப் பார்க்கும்போது நன்றாக ஓடும். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் ஓடி, சத்தமில்லாமல் நின்றுவிடும்.

'60 விநாடி தூங்கு, எழுந்து வேலை செய், மறுபடி தூங்கு' என்று எழுதுவதும் சகஜம். வேலைக்கு 3 விநாடி பிடித்தால் ஒரு சுற்று 63 விநாடி ஆகிவிடும். ஒரு நாளில் 1,440 முறை ஓட வேண்டியது, 1,371 முறைதான் ஓடும். மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது போதும். மணிக்கணக்காகத் துல்லியம் வேண்டிய வேலைக்கு ஆகாது.

49.7 நாள் கணக்கு

டைமர்களின் வரலாற்றில் ஓர் எண் அடிக்கடி வந்து நிற்கும்: 49.7 நாள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆனது என்பதை 32 பிட் எண்ணாக வைத்தால், அது 4,294,967,296 வரைதான் எண்ண முடியும். அதற்குப் பிறகு மறுபடி பூஜ்யம். நாள் கணக்கில் சொன்னால் 49.7.

விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இந்தக் கோளாறு இருந்தது. அவ்வளவு நாள் தொடர்ந்து ஓடினால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். விண்டோஸ் 95 வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் இது கவனத்துக்கு வந்தது. அதுவரை 49 நாள் தொடர்ந்து நிற்காமல் ஓடிய விண்டோஸ் 95 கம்ப்யூட்டர் அபூர்வம் என்பது அப்போதைய கிண்டல்.

2004 செப்டம்பர் 14 அன்று நடந்தது கிண்டல் இல்லை. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா வான்பகுதியைக் கவனிக்கும், பாம்டேலில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில், விமானிகளுடன் பேசும் ரேடியோ அமைப்பு திடீரென நின்றது. உள்ளே மில்லி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்த கவுன்டர் பூஜ்யத்துக்கு வந்ததும், அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. 30 நாளைக்கு ஒருமுறை கையால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. அந்த முறை அது விடுபட்டுப் போயிருந்தது. மாற்று அமைப்பும் கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. சுமார் 400 விமானங்களுடன் பேச்சுத் தொடர்பு அறுந்தது. நிலைமை சீராக 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக, எந்த விமானமும் மோதவில்லை.

எழுப்பி விடும் வாட்ச்மேன்

இத்தனை தலைவலி வேண்டாம் என்றால் இரண்டாவது வழிதான். பெல் லேப்ஸில் உருவான யூனிக்ஸின் 7-வது பதிப்பிலேயே, 1979-ல், 'கிரான்' என்ற காவலாளி இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து, பட்டியலைப் பார்த்து, நேரம் வந்த வேலையை ஓட்டிவிடும். இன்றைக்கும் லினக்ஸ் சர்வர்களில் இதன் வாரிசுகள்தான் ஓடுகின்றன. மேக்கில் அந்த வேலையை 2005-ல் வந்த 'லாஞ்ச்டி' பார்க்கிறது. விண்டோஸில் அதன் பெயர் டாஸ்க் ஷெட்யூலர்.

டாஸ்க் ஷெட்யூலரில் 'யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால், வேலை மேலே சொன்ன செஷன் 0 அறைக்குப் போய்விடும். கறுப்புத் திரை பளிச்சென்று வந்து மறையும் தொல்லை தீரும். ஆனால் அதிலிருந்துதான் பிரச்னைகளும் தொடங்குகின்றன.

'டபுள் கிளிக் பண்ணா ஓடுது, ஷெட்யூல்ல போட்டா ஓடமாட்டேங்குது'

ஆபீஸ்களில் சிஸ்டம் பார்க்கும் ஆட்கள் அதிகம் கேட்கும் புகார் இது. காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான்.

நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோல்டரை 'இசட் டிரைவ்' என்று பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். அது லாகின் செய்த ஆளுக்கான ஏற்பாடு. யாரும் லாகின் செய்யாத அறையில் இசட் டிரைவ் என்று ஒன்று இல்லவே இல்லை. நெட்வொர்க் முகவரியை முழுசாகக் கொடுக்க வேண்டும். அடுத்தது, 'எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும்' என்ற கட்டத்தைக் காலியாக விடுவது. விட்டால் புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் நின்றுகொண்டு, தன் பக்கத்தில் இருக்க வேண்டிய ஃபைலைத் தேடும். கிடைக்காது. பாஸ்வேர்டை மாற்றினாலும் இதே நிலைமைதான். ஷெட்யூலரிடம் பழைய பாஸ்வேர்டு இருக்கும், வேலை தொடங்கவே தொடங்காது.

லேப்டாப்பில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'சார்ஜரில் இருந்தால் மட்டும் ஓட்டு' என்பது புதிதாக உருவாக்கும் வேலைகளுக்குத் தானாகவே டிக் ஆகியிருக்கும். சார்ஜர் போடாத ராத்திரியில் பேக்கப் நடக்காது. 'குறித்த நேரம் தவறினால், முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு' என்பதோ டிக் ஆகாமல் இருக்கும். 11 மணிக்கு லேப்டாப் மூடியிருந்தால் அன்றைய பேக்கப் அம்போ. மறுநாள் காலையில் திறந்தாலும் ஓடாது, அடுத்த 11 மணிக்குத்தான் பார்க்கும். வீட்டில், கடையில் பேக்கப் போடுபவர்கள் மாற்ற வேண்டிய முதல் இரண்டு டிக் இவைதான். மேக்கில் லாஞ்ச்டி இந்த விஷயத்தில் சமர்த்து. தூங்கும்போது தவறிய வேலையை எழுந்ததும் ஓட்டிவிடும். பழைய கிரான் அப்படிச் செய்யாது, அதற்காகவே லினக்ஸில் 'அனாகிரான்' என்று தனியாக ஒன்று வந்தது.

வேண்டுமென்றால் தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்பி வேலை செய்யவும் தேர்வு உண்டு. யாரும் தொடாமலே நடுராத்திரியில் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கு பேய் காரணம் இல்லை, பெரும்பாலும் இதுதான் காரணம். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்புக்கே வழக்கமாகக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. பிடிக்காவிட்டால் பவர் அமைப்புகளில் 'வேக் டைமர்' என்பதை நிறுத்திவிடலாம்.

10 நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய வேலைக்கு ஒருநாள் 12 நிமிஷம் பிடித்தால்? முதலாவது முடியாமல் அடுத்ததைத் தொடங்குவதில்லை என்பதுதான் ஷெட்யூலரின் வழக்கமான முடிவு. நல்ல முடிவுதான். ஆனால் முதல் வேலை, மறைந்திருக்கும் ஏதோ ஒரு ஓகே பட்டனுக்காகக் காத்துக் கிடந்தால், அதற்குப் பிறகு வர வேண்டிய எல்லாமே நின்றுபோகும். 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற விதி தானாகவே இருக்கும். ஒரு ராத்திரி பேக்கப்புக்கு 3 நாள் ரொம்ப அதிகம், அதை 1 மணி நேரமாகவோ 2 மணி நேரமாகவோ குறைத்து வைக்கலாம்.

கண்ணில் படாதவர்களுக்கு வேகம் குறைப்பு

பேட்டரியை மிச்சப்படுத்த, திரையில் தெரியாத புரோகிராம்களை ஆபரேட்டிங் சிஸ்டமே மெதுவாக்கிவிடுகிறது. 2013-ல் வந்த மேக் மேவரிக்ஸ், மறைந்திருக்கும் ஆப்களின் டைமர்களைத் தள்ளிப்போட்டு, பலவற்றை ஒரே நேரத்தில் அடிக்கும்படி சேர்த்துவிட ஆரம்பித்தது. விண்டோஸ் 11, விண்டோ முழுசாக மறைக்கப்பட்ட புரோகிராமுக்கு நுணுக்கமான டைமர் கிடைக்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. குரோம் பிரவுசரில் 5 நிமிஷத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபின் டைமர்கள், பல சமயங்களில் நிமிஷத்துக்கு ஒருமுறைதான் அடிக்கும். 'டேப்பை மினிமைஸ் பண்ணா கவுன்ட்டவுன் தப்பா காட்டுது' என்பதற்கு இதுதான் காரணம்.

ஒளிந்துகொள்ள வசதியான இடம்

குறித்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல், ரீஸ்டார்ட் செய்தாலும் மறுபடி ஓடும் வசதி வைரஸ் எழுதுபவர்களுக்கும் பிடித்த விஷயம். ஈரானின் அணு எரிபொருள் மையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட், அதிகாரத்தைக் கைப்பற்ற டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த ஓட்டையையும் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதை 2010 டிசம்பரில்தான் அடைத்தது.

2022 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'டராஸ்க்' பற்றிய தகவல் இன்னும் கில்லாடித்தனம். ஹாஃப்னியம் என்று அழைக்கப்படும் ஹேக்கர் குழு பயன்படுத்திய இந்த மால்வேர், டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிவு செய்துவிட்டு, அதை யார் பார்க்கலாம் என்பதைச் சொல்லும் பதிவை மட்டும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து அழித்துவிடும். அதன்பிறகு பட்டியலில் அந்த வேலை காட்டாது. ஆனால் ஓடும்.

எப்படிப் பார்ப்பது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் புரோகிராம்கள் அங்கே தெரியும். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கிளம்பும் தேவையில்லாத ஆப்களை நிறுத்தலாம்.

நேரம் குறித்து ஓடுபவற்றுக்கு, ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடதுபக்கம் லைப்ரரியை அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை விண்டோஸின் சொந்த வேலைகள், தெரியாமல் கை வைக்க வேண்டாம். வெளியே இருக்கும் பட்டியலில் பெயர் புரியாத வேலை இருந்தால், ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அது எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று பார்க்கலாம். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோ எதையாவது ஓட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். உடனே அழிக்காமல் முதலில் டிஸேபிள் செய்துவிட்டு, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டலாம்.

பேக்கப் போட்டிருப்பவர்கள் பார்க்க வேண்டியது 'கடைசியாக ஓடிய நேரம்', 'கடைசி முடிவு' என்ற இரண்டு கட்டங்களை. முடிவில் 0 என்றால், புரோகிராம் தன் கணக்குப்படி நல்லபடியாக முடிந்தது. 0x1 என்றால் பெரும்பாலும் ஏதோ இடறியிருக்கிறது. 0x41301 என்றால் இன்னும் ஓடுகிறது. காலை 10 மணிக்கும் ராத்திரி பேக்கப் அப்படிக் காட்டினால், எங்கோ ஓர் ஓகே பட்டன் காத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 0x41303 என்றால் அந்த வேலை இதுவரை ஒருமுறைகூட ஓடியதில்லை. ஹிஸ்டரி பகுதி வழக்கமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், வலதுபக்கம் அதை ஆன் செய்துகொண்டால் பழைய கணக்கும் கிடைக்கும்.

0 வந்துவிட்டது என்பதற்காக பேக்கப் இருக்கிறது என்று நம்பிவிடவும் முடியாது. உள்ளே எரர் வந்தாலும் 0 கொடுத்துவிட்டு வெளியேறும் புரோகிராம்கள் உண்டு. பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, நேற்றைய தேதியில் ஃபைல் இருக்கிறதா, அளவு வழக்கம்போல இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. மாதம் ஒருமுறை அதில் ஒரு ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.